வால்வைக் கழற்றினால் சூடு குறையுமா?

சூடு ஏறுகிறது என்று ஒரு டீசல் லாரியை எந்தப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் கிடைக்கிற வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடு. ரேடியேட்டரில் ஒரு கோர் கூட்டிக்கொள். எஞ்சினோடு சுற்றும் ஃபேனைத் தூக்கிவிட்டுக் கரண்ட் ஃபேன் வை. கூலன்ட்டுக்குக் காசு எதற்கு, தண்ணீரே போதும். ஒன்றிரண்டு வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே இதையெல்லாம் செய்து முடித்துவிடுகிறார்கள். வீட்டில் செய்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் துணிந்து கைவைக்கக்கூடிய பகுதிதான் இது. மறுப்பு அந்த வைத்தியத்துக்கு அடியில் கிடக்கும் எண்ணத்தின் மேல்தான். எஞ்சின் எவ்வளவு குளிர்ந்து ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எல்லாரும் நம்புகிறார்கள். டீசல் எஞ்சினுக்குத் தேவை ஒரு குறிப்பிட்ட சூடு. அதற்கு மேலே போனாலும் கேடு, கீழே நின்றாலும் கேடு. அந்தச் சூட்டில் எஞ்சினை நிறுத்திவைக்கத்தான் இந்த அமைப்பு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. நேற்று வரை சரியாக ஓடிய வண்டி இன்று கொதிக்கிறது என்றால், அதனிடம் இருந்த ஏதோ ஒன்று போயிருக்கிறது. போனது எது என்று பார்க்காமல் இன்னொன்றைக் கழற்றுவதற்கும் கூட்டுவதற்கும் மேம்பாடு என்று பெயர் வைக்க முடியாது.

எரிகிற டீசலின் சக்தியில் வேலையாக மாறுவது, நல்ல எஞ்சினில்கூட, நாற்பது சதவீதத்தை ஒட்டித்தான். மிச்சத்தில் பெரும்பகுதி புகையோடு வெளியே போகிறது. ஏறக்குறைய கால் பங்கு சுவர்களின் வழியாகத் தண்ணீருக்கு வந்து சேர்கிறது. காலி வண்டி சமவெளியில் உருளும்போது வரும் சூடும், அதே வண்டி முழு லோடோடு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறும்போது வரும் சூடும் ஒன்றல்ல. பல மடங்கு வித்தியாசம். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் கருவிதான் தெர்மோஸ்டாட். கையில் எடுத்துப் பார்த்தால் பித்தளை விளிம்பில் 82 என்றோ அதையொட்டிய ஓர் எண்ணோ அடித்திருக்கும். நடுவில் உள்ள சிறு குப்பிக்குள் மெழுகு. அந்த எண்ணைத் தொட்டதும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளுகிறது, வாய் திறக்கிறது; 95 டிகிரியை ஒட்டி முழுதாகத் திறந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், ஓட்டுநரின் கவனமும் வேண்டாம். வேலை செய்கிறதா என்று பார்க்க, பழைய பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் அடுப்பும் போதும்.

இப்போது அதைக் கழற்றுகிறோம். தடை போனால் தண்ணீர் முழுக்க ரேடியேட்டருக்குப் போகும், சூடு குறையும் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருப்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக நேரே பம்புக்குத் திரும்புகிறது. சூடேறி மேல்வாய் திறக்கத் திறக்க, அடித்தட்டு இறங்கி அந்தப் பைபாஸை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டோடு இந்தக் கதவும் போய்விடுவதால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைவிடத் தடை குறைந்த வழி என்பதால் தண்ணீரில் கணிசமான பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே, சூடு ஆறாமலே, எஞ்சினுக்குத் திரும்பும். காலி வண்டியில் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஓடும். முழு லோடில் மலை ஏறும்போது, ஒவ்வொரு சொட்டும் ரேடியேட்டருக்குப் போயாக வேண்டிய அந்த நேரத்தில், முன்பைவிட அதிகமாகச் சூடேறும். பைபாஸ் வெறும் சிறு குழாயாக உள்ள பழைய எஞ்சின்கள் சில உண்டு. அவற்றில் இந்த நஷ்டம் குறைவு. தன் எஞ்சின் எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கழற்றுகிறவர் எத்தனை பேர்?

தெர்மோஸ்டாட்டை ஆதரிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதத்தையும் இங்கேயே தள்ளிவிடுவது நல்லது. வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடும், ரேடியேட்டரில் நின்று சூட்டை விட அதற்கு நேரம் இருக்காது என்பார்கள். கேட்க நியாயமாக இருந்தாலும் இது தவறு. வேகமாக ஓடும் நீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகச் சூட்டை விட்டாலும் சுற்றுகள் கூடுவதால் மொத்தத்தில் அதிகமாகத்தான் விடும். பைபாஸ் திறந்து கிடப்பது நிஜமான காரணம். இன்னொன்றும் உண்டு: தெர்மோஸ்டாட் தருகிற சிறு தடை, பம்பு தள்ளும் நீருக்கு எஞ்சின் பிளாக்கின் உள்ளே கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தைக் கொடுக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய கொதிப்பான இடங்களில் நீர் ஆவிக் குமிழிகளாக மாறாமல் தடுப்பதில் அந்த அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. நல்ல தரப்புக்குத் தப்பான காரணம் சொன்னால், எதிர்த் தரப்பு அந்தக் காரணத்தை மட்டும் உடைத்துவிட்டு ஜெயித்ததாகப் போய்விடும்.

"அதெல்லாம் குளிர்நாட்டுக்குச் செய்தது, நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. வெயில் ஒரு காரணி என்பதில் சந்தேகமில்லை. ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை விடும் என்பது தண்ணீரின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரியில் இருக்க, வெளியே 30 என்றால் வித்தியாசம் 60. கரூரில் சித்திரை மாத மதியம் 40 என்றால் 50. ஆறில் ஒரு பங்கு திறன் அங்கே போய்விட்டது. ஆனால் இதே கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். அந்த 40 டிகிரி வெயிலில் தண்ணீரை 70 டிகிரியிலேயே வைத்திருக்க ஆசைப்பட்டால் வித்தியாசம் 30 தான். 95 வரை விட்டால் 55. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டை வெளியே தள்ளுகிறது. வெயில் கூடக் கூட, தண்ணீர் சூடாக இருப்பதுதான் ரேடியேட்டருக்கு அனுகூலம். தவிரவும், எஞ்சின் மிகைச்சூட்டை நோக்கிப் போகும் நேரத்தில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்து ஏற்கெனவே வழிவிட்டிருக்கும். திறக்காமல் சிக்கிக்கொண்ட வால்வு என்றால் குற்றம் அந்த ஒரு வால்வின் மேல். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

குறைந்த சூட்டில் ஓடுவதால் என்ன கெட்டுவிடும்? இதற்கான பதில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1930களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்துக்காக சி. ஜி. வில்லியம்ஸ் நடத்திய சிலிண்டர் தேய்மான ஆய்வுகள், சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் வேகமாக ஏறுவதையும், அதற்கு உராய்வைவிட அரிப்பே பெரிய காரணம் என்பதையும் காட்டின. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சுவர் சூடாக இருந்தால் அது புகையோடு போய்விடும். குளிர்ந்திருந்தால் சுவரிலேயே படிந்து, டீசலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. 1990களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மட்டுமே. அமில பயம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே பிஎஸ்-6 வண்டி குளிர்ந்து ஓடுவதை வேறு வழிகளில் பொறுத்துக்கொள்ளாது. தண்ணீரின் சூடு உரிய அளவுக்கு வராவிட்டால் எஞ்சின் இன்னும் தயாராகவில்லை என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். டீசல் அளவை அதற்கேற்ப மாற்றும். புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளிப்போடும். கரி அடைந்துபோன வடிகட்டிக்கு ஆகும் செலவில் தெர்மோஸ்டாட்டுகளைச் சாக்கில் வாங்கலாம். எரியாத டீசல் ஆயிலில் கலப்பதும், கெட்டியான ஆயிலைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாக உழைப்பதும் எந்தத் தலைமுறை வண்டிக்கும் பொது.

அந்தக் காலத்து லாரிகள் வால்வு இல்லாமல் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடவில்லையா? ஓடின. போர் தேய்ந்து, ரிங் போய், புகை தள்ளி, எஞ்சின் வேலைக்கு வந்து நின்றபோது ஆயிலையோ டிரைவரையோ குறை சொன்னோம். சீக்கிரம் தேய்கிற எஞ்சின் வழியில் நின்று மானத்தை வாங்குவதில்லை. கொதிக்கிற எஞ்சின் வாங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற சேதத்துக்குப் பயந்து தெரியாத சேதத்தை ஏற்றுக்கொண்டோம் என்பதைத் தவிர அந்த லாரிகள் வேறெதையும் நிரூபிக்கவில்லை.

தண்ணீரே போதும் என்கிறவர்கள் பக்கம் ஓர் உண்மை இருக்கிறது. சுத்தமான நீர் சூட்டைச் சுமப்பதில் கிளைக்கால் கலந்த கூலன்ட்டை மிஞ்சும். பாதிக்குப் பாதி கலவை, அதே எடையுள்ள நீர் சுமப்பதில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் சுமக்கும். ஆனால் நடைமுறையில் ரேடியேட்டரில் ஊற்றுவது சுத்தமான நீரா? கொங்குப் பகுதியின் போர்வெல் தண்ணீர் வாட்டர் ஹீட்டரின் காயிலை என்ன செய்கிறது என்று ஒருமுறை கழற்றிப் பார்த்தவருக்குப் புரியும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு லிட்டர் குறைகிற வண்டியில் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால், வருஷத்துக்கு 150 கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகிறது. அதில் சுண்ணாம்பு வகை, சூடு எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் படியும்: சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இந்தப் படிவு சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் படிந்தால் இரும்புச் சுவரை இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் தடித்துவிட்டதற்குச் சமம். தண்ணீர்ச் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்க, படிவுக்குப் பின்னால் ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

வெட் லைனர், அதாவது தண்ணீர் நேரே தொடும் சிலிண்டர் உறை, உள்ள எஞ்சின்களில் இதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. டீசல் வெடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் லைனர் நுண்ணிய அளவில் அதிர்கிறது. அதன் வெளிச்சுவரை ஒட்டிய நீரில் குமிழிகள் தோன்றி, சுவர் மேலேயே உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தை ஊசியால் குத்துவது போலக் குத்துகிறது. கழற்றிப் பார்த்தால் லைனரின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள் இருக்கும். அதில் ஒன்று துளைத்துக்கொண்டு உள்ளே போனால் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். டீசல் எஞ்சினுக்கென்று வரும் கூலன்ட்டில் உள்ள மருந்துகள் லைனரின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவது இதற்காகத்தான். வெறும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் காப்பைத் தராது. நம் ஊரில் தண்ணீர் உறைவதே இல்லையே, கூலன்ட் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதுவே. செலவு என்பார்கள், ஒரு ஹெட் வேலைக்குக் கொடுக்கிற பணத்தில் பல வருஷத்துக்கான கூலன்ட் வந்துவிடும். கலந்தே விற்கும் கூலன்ட்டை வாங்கலாம், அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்கலாம். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பச்சை, சிவப்பு என்பதெல்லாம் சாயம்தான், உள்ளே இருக்கும் மருந்து வேறாக இருக்கலாம். வாசலில் கூலன்ட்டை வடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: கிளைக்கால் இனிக்கும், விஷம். நாய், ஆடு, குழந்தை எதுவும் அணுகாதபடி பிடித்து மூடிவைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹோஸ் வெடிக்காமல் இருக்கட்டும் என்று மூடியின் வாஷரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஒரு பார் அழுத்த மூடிக்குக் கீழே 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டியிலோ திறந்த நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் சூடே 95 அல்லவா! அழுத்தம் பிடிக்காத மூடியோடு மலை ஏறும் வண்டி, எந்தக் கோளாறும் இல்லாமல், தனக்கு விதித்த சாதாரணச் சூட்டிலேயே பொங்கி வழியும். பார்க்கிறவர்கள் எஞ்சின் ஹீட் ஆகிவிட்டது என்பார்கள்; அடுத்த ஞாயிறு தெர்மோஸ்டாட் குப்பைக்குப் போகும். போனது ஒரு ரப்பர் வளையத்தின் இறுக்கம்.

ரேடியேட்டரைப் பெரிதாக்குவதும் ஃபேனை மாற்றுவதும் இதே ரகம். கோர் வரிசை கூடினால் பின்வரிசைக்குப் போகும் காற்று முன்வரிசைகளில் ஏற்கெனவே சூடேறியது. தடிமன் கூடியதால் அதே ஃபேன் இழுக்கும் காற்றின் அளவும் குறைகிறது. நான்காவது வரிசை முதல் வரிசையைப் போல வேலை செய்யும் என்று நம்பிக் காசு கொடுக்கிறோம். கரண்ட் ஃபேன் மைலேஜ் தரும் என்பதில் பாதி உண்மை. சின்ன வண்டிகளில் கம்பெனியே அதைத்தான் வைக்கிறது. ஆனால் பெரிய லாரியின் ஃபேன் முழு வேகத்தில் 20 கிலோவாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடியது. 24 வோல்ட், 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே 2 கிலோவாட்டுக்குக் கீழே. கடையில் வாங்கி மாட்டும் ஃபேன், காற்று தானாக வீசும் நெடுஞ்சாலையில் போதுமானதாகத் தெரியும். மலையில் ஊர்ந்து ஏறும்போது கைவிடும். மைலேஜ் வேண்டும் என்றால் வேண்டியபோது மட்டும் பிடித்துச் சுற்றும் விஸ்கஸ் கிளட்ச் அதற்காகவே இருக்கிறது. ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டை இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டவர், அதைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுவதே பல வண்டிகளுக்குப் பெரிய மேம்பாடு.

அமெரிக்காவில் பிக்கப் உரிமையாளர்கள் வீட்டு கேரேஜிலேயே பாடம் படித்த வண்டி ஒன்று உண்டு: 2003 முதல் 2007 வரை ஃபோர்டு பிக்கப்களில் வந்த, நேவிஸ்டார் தயாரித்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல். எஞ்சின் நடுவே பொதிந்திருந்த ஆயில் கூலரின் குறுகிய தட்டுகளில் வார்ப்பு மணலும் கூலன்ட்டின் கசடும் அடைத்துக்கொண்டன. அதற்குப் பின்னால் இருந்த, எஞ்சினுக்கே திருப்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலருக்குத் தண்ணீர் போதாமல் அது வெடித்தது. பல வண்டிகளில் ஹெட் கேஸ்கெட்டும் போனது. ரேடியேட்டரைப் பெரிதாக்கி இதைத் தீர்க்க முடியுமா? உரிமையாளர்கள் கடைசியில் கண்டுகொண்டது, ஆயில் சூட்டையும் தண்ணீர்ச் சூட்டையும் தனித்தனியே அளப்பது. சீரான ஓட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூலர் அடைக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஹீட்டர் லைனில் ஒரு சிறு கூலன்ட் ஃபில்டரைச் சேர்த்து மணலைப் பிடித்தார்கள். வீட்டில் செய்த உண்மையான மேம்பாடு அது: நோய் எங்கே என்று அளந்து தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் மட்டும் கைவைத்தது.

நமக்கும் அளப்பது கஷ்டமில்லை. டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப முடியாது. புதிய வண்டிகள் பலவற்றில் தண்ணீர்ச் சூடு பல டிகிரி ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துச் செல்போனோடு இணையும் ஓபிடி கருவி சரியான எண்ணைச் சொல்லும். தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டரின் மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, நடுப்பரப்பு எல்லாவற்றையும் பார்க்கலாம். எஞ்சின் கொதிக்கும்போது இரண்டு தொட்டியும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் காற்று போதவில்லை: ஃபேன், கூண்டு, இடுக்கில் அடைந்த சேறு. கீழ்த் தொட்டி மிகவும் குளிர்ந்திருந்தால் ஓட்டம் குறைவு: பம்பு, பெல்ட், உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், சிக்கிய வால்வு. நடுப்பரப்பில் திட்டுத் திட்டாகக் குளிர்ச்சி தெரிந்தால் குழாய்கள் அடைத்திருக்கின்றன. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததுமே விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட் வழியே புகை வருகிறது. அங்கே எந்த ரேடியேட்டரும் உதவாது.

பெரிய ரேடியேட்டரே தேவைப்படும் வண்டிகள் இல்லாமல் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரிகளில் கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சின், நின்ற இடத்திலேயே, எதிர்க்காற்று துளியும் இல்லாமல், கல்தூசிக்கு நடுவே மணிக்கணக்காக முழு பாரத்தில் ஓடுகிறது. டீசல் பம்பைக் கூட்டி எஞ்சின் திறனை ஏற்றிய வண்டியும், சாலைக்கென்று செய்த எஞ்சினை இறக்கி நிலையாக ஒரு வேலைக்கு வைத்ததும் அந்த வகைதான். கம்பெனி போட்ட கணக்கிலிருந்து வேலை மாறிவிட்டதால் கோரையும் ஃபேனையும் புதுக் கணக்குக்கு ஏற்றுவது நியாயம். அந்த எஞ்சினிலும் வால்வு இருந்த இடத்தில்தான் இருக்க வேண்டும், மூடி அழுத்தம் பிடிக்க வேண்டும், உள்ளே போர் தண்ணீர் போகக் கூடாது. தூசியைக் கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும், முன்பக்கத்திலிருந்து அடித்தால் அது இடுக்கின் உள்ளேதான் இன்னும் இறுகும்.